மலைத்தீவும் மணல்தீவும்: பிஜி, கிரிபாட்டி – ஓர் ஒப்பாய்வு

டார்ம்ஸ்டாட்டில் கடல் கிடையாது. சொல்லிக்கொள்ளும்படி ஓர் ஆறுகூடக் கிடையாது. ஓடென்வால்ட் மலைக்காடு தொடங்கும் இடத்தில், கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 144 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர் இது. ஆனாலும் உலகக் கடல்களின் உயரத்தை அன்றாடம் அளந்து கணக்கு வைக்கும் இடங்களில் இதற்குத் தனி இடம் உண்டு. ரயில் நிலையத்துக்கு மேற்கே ஐரோப்பிய விண்வெளி முகமையின் இயக்க மையம் 1967 முதல் இயங்குகிறது. அதன் அண்டையிலேயே, 1986-ல் அமைக்கப்பட்ட யூமெட்சாட் என்னும் ஐரோப்பிய வானிலைச் செயற்கைக்கோள் அமைப்பின் தலைமையகம். 2020 நவம்பரில் ஏவப்பட்ட சென்டினல்-6 செயற்கைக்கோளை முதல் சில நாள் விண்வெளி மையம் வழிநடத்தியது. பிறகு யூமெட்சாட் பொறுப்பேற்றது. 1,336 கிலோமீட்டர் உயரத்திலிருந்து அது ரேடார் துடிப்பைக் கீழே அனுப்புகிறது. நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்ப ஆகும் நேரத்தை வைத்துக் கடலின் உயரத்தைக் கணிக்கிறது. சுமார் 10 நாளுக்கு ஒருமுறை அதே பாதைக்குத் திரும்பி வருகிறது.

இதே ஊரிலிருந்து இயக்கப்படும் மீட்டியோசாட் வரிசைக் கோள்கள் எடுப்பவற்றைத்தான் ஐரோப்பாவின் வானிலைப் படங்களாகப் பார்க்கிறோம். அவற்றுள் முதன்மையானது தீர்க்கரேகை 0 பாகைக்கு நேர் மேலே நிலைகொண்டிருப்பதால், 180 பாகையை ஒட்டிக் கிடக்கும் நாடுகள் அதன் கண்ணில் படுவதே இல்லை. அவை பூமிப்பந்தின் மறுபக்கம். பிஜியும் கிரிபாட்டியும் அந்த மறுபக்கத்து நாடுகள். நிலைகொண்ட கோளுக்குத் தெரியாத அந்த நீர்ப்பரப்பை, சுற்றி வரும் சென்டினல்-6 தவறாமல் தொட்டுப்போகிறது.

பசிபிக் தீவு நாடுகள் என்றதும் 'மூழ்கும் நாடுகள்' என்று ஒரே பட்டியலில் எழுதிவிடுவது செய்தி வழக்கம். பிஜியையும் கிரிபாட்டியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் அந்தப் பட்டியல் நிற்காது. ஒன்று மலை, மற்றது மணல். ஒன்றில் ஆறுகள் ஓடுகின்றன, மற்றதில் ஓர் ஓடைகூட இல்லை. இந்த வேறுபாட்டிலிருந்து பெரும்பாலோர் உடனே ஒரு முடிவுக்கு வருவார்கள்: உயரமான நாடு தப்பும், தாழ்ந்த நாடு அழியும் என்று. அது பாதி உண்மை. மேடு இருப்பது ஒன்று. அந்த மேட்டில் நிற்க உரிமை இருப்பது இன்னொன்று. பிஜிக் கரும்புக்காட்டுக்குப் போன தமிழர்களின் வரலாறு தெரிந்தவர்களுக்கு இந்த இரண்டாம் பாதி புதிதாக இருக்காது.

பிறந்த விதம்

பிஜி எரிமலைகள் கட்டிய நாடு. பசிபிக் நிலத்தட்டும் ஆஸ்திரேலிய நிலத்தட்டும் மோதி நெருக்கும் வட்டாரத்தில் எழுந்தது. 330-க்கும் மேற்பட்ட தீவுகளில் மூன்றில் ஒரு பங்கில்தான் மக்கள் வாழ்கிறார்கள். விட்டி லெவு, வனுவா லெவு என்ற இரண்டு பெரிய தீவுகளிலேயே நாட்டின் நிலத்தில் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. விட்டி லெவுவின் நடுவே நிற்கும் தோமனிவி மலை 1,324 மீட்டர். ஏறத்தாழ நம் கொல்லிமலை உயரம். அந்த மலைகளிலிருந்து ரேவா, சிங்கடோக்கா, பா, நாடி ஆகிய ஆறுகள் இறங்குகின்றன. அவை கொண்டுவந்து கொட்டிய வண்டலில்தான் வயல்களும் ஊர்களும். பிஜியிலும் தாழ்ந்த பவளத் தீவுகள் உண்டு. ஆனால் நாட்டின் முதுகெலும்பு மலைதான்.

கிரிபாட்டியின் தொடக்கமும் எரிமலைதான். உள்ளூரார் 'கிரிபாஸ்' என்று உச்சரிக்கும் இந்நாட்டின் எரிமலைகள் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கடலுக்குள் இறங்கிவிட்டன. அவை இறங்க இறங்க, விளிம்பில் வளர்ந்த பவளம் மட்டும் வெளிச்சத்தை விடாமல் மேலே கட்டிக்கொண்டே வந்தது. மலை போய், மலையைச் சுற்றி இருந்த வளையம் எஞ்சியது. 1842-ல் சார்லஸ் டார்வின் இதை ஒரு கருதுகோளாகத்தான் சொன்னார். 1952-ல் மார்ஷல் தீவுகளின் எனிவேடாக் வளையத்தில் துளையிட்டபோது 1,200 மீட்டருக்கும் மேற்பட்ட பவளச் சுண்ணாம்புக்கு அடியில் எரிமலைப் பாறை தட்டுப்பட்டது. நம் பக்கத்து லட்சத்தீவும் மாலத்தீவும் இதே குடும்பம். கிரிபாட்டியின் 33 தீவுகளில் பனாபா ஒன்று மட்டும் உயர்த்தப்பட்ட பவளப்பாறை. மற்றவை எல்லாம் கடலிலிருந்து இரண்டு, மூன்று மீட்டர் எழுந்த பவள மணல் கீற்றுகள். பெரும்பாலும் ஒரு பக்கம் பெருங்கடல், மறுபக்கம் காயல்.

வீட்டுக்கு அடித்தளம் போடக் கருங்கல்லோ, தோட்டம் போடக் களிமண்ணோ கிரிபாட்டியில் கிடையாது. மண் என்று இருப்பது பவளமும் சிப்பியும் நொறுங்கிய சுண்ணாம்பு மணல். தென்னையும் தாழையும் சீமைப்பலாவும் அதில் தாக்குப்பிடிக்கும். நெல், கரும்பு, காய்கறி எல்லாம் பிஜிக்காரர்களின் கவலை.

பரப்பும் தொலைவும்

பிஜியின் நிலப்பரப்பு சுமார் 18,270 சதுர கிலோமீட்டர். டார்ம்ஸ்டாட் இருக்கும் ஹெஸ்ஸன் மாநிலத்தைவிடக் கொஞ்சம் சிறியது. கிரிபாட்டியின் நிலம் முழுவதும் கூட்டினால் 811 சதுர கிலோமீட்டர். டார்ம்ஸ்டாட் நகரத்தையும் அதைச் சுற்றிய டார்ம்ஸ்டாட்-டீபர்க் மாவட்டத்தையும் சேர்த்தால் கிட்டத்தட்ட அந்த அளவு வந்துவிடும். சைக்கிளில் ஒரு நாளில் குறுக்கே கடந்துவிடலாம்.

அந்த 811 சதுர கிலோமீட்டர் சிதறிக் கிடக்கும் கடலோ சுமார் 35 லட்சம் சதுர கிலோமீட்டர். இந்தியாவின் மொத்த நிலப்பரப்பைவிடப் பெரிது. கில்பர்ட், ஃபீனிக்ஸ், லைன் என மூன்று தீவுக்கூட்டங்கள். நிலநடுக்கோட்டுக்கு இருபுறமும், 180 பாகைக் கோட்டுக்கு இருபுறமும் தீவுகளை வைத்திருப்பதால் பூமியின் நான்கு அரைக்கோளங்களிலும் கால் வைத்திருக்கிற நாடு இது. தலைநகர் இருக்கும் தராவாவிலிருந்து கிரித்திமாத்தித் தீவுக்கு 3,000 கிலோமீட்டருக்கும் மேல். சென்னையிலிருந்து டெல்லிக்கு உள்ள வான்வழித் தொலைவைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கு. நாட்டின் நிலத்தில் பாதிக்கு அருகில் கிரித்திமாத்தியில் இருக்கிறது. மக்களில் பாதிக்கும் மேல் தெற்கு தராவாவின் ஒடுங்கிய கீற்றில் நெருக்கியடித்து வாழ்கிறார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே பயணம் செய்ய, நீண்ட காலம் பலர் இன்னொரு நாட்டின் விமான நிலையத்துக்குப் போய் மாற வேண்டியிருந்தது. அந்த இன்னொரு நாடு பிஜி, ஊர் நாடி.

தேதிக்கோடு இந்த வேறுபாட்டைத் துல்லியமாகக் காட்டும். 180 பாகைக் கோடு பிஜியின் தவெயுனித் தீவின் ஊடாகவே போகிறது. ஆனால் தேதிக்கோட்டைக் கிழக்கே ஒதுக்கி வரைந்ததால் நாடு முழுவதும் ஒரே நாள். கிரிபாட்டியில் 1994 இறுதிவரை மேற்குத் தீவுகளில் திங்கள் என்றால் கிழக்குத் தீவுகளில் ஞாயிறு. அரசு அலுவலகங்கள் இரு பக்கமும் சேர்ந்து இயங்க வாரத்தில் நான்கு நாள்தான் கிடைத்தது. 1995 புத்தாண்டோடு கிரிபாட்டி தேதிக்கோட்டைத் தன் கிழக்கு எல்லைக்கு அப்பால் தள்ளி வைத்தது. பிஜிக்கு வரைபடத்தில் ஒரு வளைவு போதுமாக இருந்தது. கிரிபாட்டிக்கு உலக வரைபடத்தில் ஒரு பெரிய புடைப்பே தேவைப்பட்டது.

குடிநீர்

இரண்டு நாடுகளுக்கும் உள்ள மிகப் பெரிய வேறுபாடு எது என்று கேட்டால் உயரத்தைச் சொல்லமாட்டேன், தண்ணீரைச் சொல்வேன்.

விட்டி லெவுவின் தென்கிழக்குக் கரையில் இருக்கும் சுவாவில் ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை. மலைக்கு மறுபக்கம் உள்ள நாடியில் 2,000-க்கும் குறைவு. தென்கிழக்கிலிருந்து வீசும் காற்று மலையில் முட்டி ஈரத்தை ஒரு பக்கமே கொட்டிவிடுவதால் இப்படி. சுவாவிலிருந்து குயின்ஸ் சாலையில் மேற்கே போனால், முதலில் சாலையோரம் முழுக்கக் காடும் பச்சையும். சிங்கடோக்காவைத் தாண்டியதும் குன்றுகள் வறண்ட புல்லாக மாறும்; பிறகு ஆற்றுச் சமவெளியில் கரும்பு தொடங்கும். வெட்டும் பருவத்தில் கரும்பு ஏற்றிய லாரிகளும், குறுகிய இருப்புப்பாதையில் ஊரும் ஆலை வண்டிகளும் லௌதோக்கா ஆலையை நோக்கி வரிசை கட்டும். பிழிவதற்குமுன் வெயில் வேண்டும் பயிர் கரும்பு. அதனால்தான் ஆலைகளும், அவற்றைச் சுற்றி நம்மவர் குடியிருப்புகளும் தீவின் காய்ந்த பக்கத்தில் அமைந்தன. விட்டி லெவுவின் யாகரா பள்ளத்தாக்கு நிலத்தடி நீர் பாட்டிலில் அடைக்கப்பட்டு, 'ஃபிஜி வாட்டர்' என்ற பெயரில் உலகச் சந்தைக்குப் போகிறது. தண்ணீரை ஏற்றுமதி செய்யும் தீவு நாடு அது.

கிரிபாட்டியின் தண்ணீர் மணலுக்குள் இருக்கிறது. மழைநீர் மணலில் இறங்கி, உப்புநீருக்கு மேல் ஒரு வில்லை வடிவில் மிதக்கிறது. நன்னீர் எடை குறைவு என்பதால் இந்த மிதப்பு. 1880-களின் இறுதியில் நெதர்லாந்தின் படோன் கைபென் என்ற ராணுவப் பொறியாளரும், 1901-ல் ஜெர்மனியின் வடகடல் தீவான நார்டெர்னைக்குக் குடிநீர் தேடிய ஹெர்ஸ்பெர்க் என்ற பொறியாளரும் தனித்தனியாக இதைக் கணக்கிட்டார்கள்: கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் 1 மீட்டர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் வரை நன்னீர் இருக்கும். ராமேஸ்வரம் பக்கம் கடலோர மணலைக் கையால் தோண்டி ஊற்றுநீரைச் சிரட்டையால் மொள்பவர்களுக்கு இந்தக் கணக்கு தேவையில்லை. அதிகம் இறைத்தால் உப்பு ஏறும் என்பது அவர்களுக்குக் கைப்பழக்கம். கிரிபாட்டியின் நிலைமையும் அதுவே. வேறு ஊற்றுக்குப் போக வேறு நிலம் இல்லை என்பது மட்டும் கூடுதல்.

இந்த நீரை நம்பி அவர்கள் கண்ட விவசாயம் அலாதியானது. பபாய் என்பது ஒருவகைச் சதுப்புநிலச் சேம்பு. அதைப் பயிரிட, மணலை நீர்மட்டம் தட்டுப்படும்வரை பள்ளமாகத் தோண்டுகிறார்கள். தாழையோலையில் அடியில்லாத கூடை பின்னி, பள்ளத்தில் கிழங்கைச் சுற்றி இறக்கி, அதற்குள் பழுத்த இலைகளையும் மக்கிய மண்ணையும் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு வருகிறார்கள். மண்ணே இல்லாத தீவில் கூடை கூடையாக மண்ணை உண்டாக்கும் வேலை. சில கிழங்குகள் வருடக்கணக்கில் வளர்ந்து, விருந்துக்கென்று தோண்டி எடுக்கப்படும். ஒரே ஒரு பேரலை பள்ளத்துக்குள் புகுந்தால் போதும், அந்த உழைப்பு முழுவதும் உப்பாகிவிடும். தெற்கு தராவாவுக்குக் குழாய்நீர் தருவது போன்ரிகி, புவோட்டா என்னும் இரண்டு இடங்களின் நீர்வில்லைகள். மக்கள் பெருகப் பெருக, கடல் ஏறுவதற்கு முன்பே அவை தேய்ந்து வருகின்றன.

காற்றும் மழையும்

புயல் விஷயத்தில் தாழ்ந்த நாட்டுக்கு ஒரு சலுகை உண்டு. நிலநடுக்கோட்டருகே பூமிச்சுழற்சியின் விசை மிகக் குறைவு என்பதால் அங்கே புயல் சுழன்று உருவாவது அரிது. பிஜி அப்படியல்ல; புயல் பாதையில் இருக்கிறது. வட்டாரத்துக்கே புயல் எச்சரிக்கை விடுக்கும் உலக வானிலை அமைப்பின் மையம் நாடியில்தான். 2016 பிப்ரவரி 20 அன்று கரையேறிய வின்ஸ்டன் புயலில் 44 பேர் உயிரிழந்தார்கள். ராக்கிராக்கியில் சேதமடைந்த சர்க்கரை ஆலை மறுபடி திறக்கப்படவே இல்லை. அந்த வட்டாரக் கரும்பு தொலைவில் உள்ள ஆலைக்குப் போகிறது.

சலுகைக்கும் எல்லை உண்டு. 2015 மார்ச்சில் வனுவாட்டுவைச் சிதைத்த பாம் புயல் கிரிபாட்டி பக்கம் வரவில்லை. அது கிளப்பிய அலைகள் வந்தன. தெற்கே தமனா, அரோராய் தீவுகளில் கரையும் வீடுகளும் தோட்டங்களும் பாதிக்கப்பட்டன. தராவாவில் தீவுகளை இணைக்கும் கடல்பாலச் சாலை உடைந்தது.

எல் நினோ வந்தால் இந்த இரண்டு நாடுகளும் தராசின் இரண்டு தட்டுகள். வெதுவெதுப்பான நீர் கிழக்கே நகர, மழைமேகமும் கூடவே நகரும். கிரிபாட்டிக்கு மழை கொட்டும். சூரை மீன் கூட்டமும் அதன் கடலுக்குள் வரும். அந்நியக் கப்பல்களிடம் வாங்கும் மீன்பிடி உரிமக் கட்டணம்தான் அரசின் முக்கிய வருமானம் என்பதால் கஜானாவும் நிறையும். அதே நாட்களில் பிஜியின் மேற்குப் பகுதியில் கரும்பு காயும். லா நினா வந்தால் தலைகீழ்: பிஜியில் வெள்ளம், கிரிபாட்டியில் வறட்சி, கிணறுகளில் உப்பு. 'பசிபிக் நாடுகளுக்கு இந்த ஆண்டு பாதிப்பு' என்று எழுதும் ஒற்றை வரிக்குள் இது அடங்காது.

மூழ்குகிறதா?

1993 முதல் செயற்கைக்கோள் கணக்கில் உலகக் கடல்மட்டம் சராசரியாக 10 சென்டிமீட்டர் அளவு ஏறியிருக்கிறது. ஏறும் வேகமும் கூடி வருகிறது. இது ஐயத்துக்கிடமில்லாத அளவீடு. ஆனால் கரையிலிருந்து சில கிலோமீட்டருக்குள் ரேடார் எதிரொலியில் நிலமும் கலந்துவிடும். அதனால் லௌதோக்காவிலும் தராவாவின் பெசியோவிலும் 1990-களின் தொடக்கத்தில் ஆஸ்திரேலிய உதவியோடு நிறுவிய ஒரே வகை அலைமானிகளின் கணக்கும் கூடவே வேண்டும்.

நீர் ஏறினால் தீவு சுருங்கும் என்ற கணக்கு மணல்தீவில் நேராகப் பொருந்துவதில்லை. ஆர்தர் வெப், பால் கென்ச் ஆகிய இருவரும் 27 பவளத் தீவுகளின் பழைய வான்படங்களை ஒப்பிட்டு 2010-ல் வெளியிட்ட ஆய்வில், 86 விழுக்காட்டுத் தீவுகள் பரப்பில் மாறாமலோ கூடியோ இருந்தன. அலை ஒரு கரையை அரித்து இன்னொரு கரையில் மணலைச் சேர்க்கிறது. பவளம் உயிரோடு இருக்கும்வரை மணல் உற்பத்தியும் நிற்காது. தராவாவில் சில இடங்களின் அரிப்புக்குக் கடலைவிட, காயல்வாயை அடைத்துப் போட்ட சாலைகளும் கடற்சுவர்களும் காரணம். இதைக் காட்டி 'ஆபத்தே இல்லை' என்பவர்களும் தவறு செய்கிறார்கள். தீவு நகரலாம், வீடும் கிணறும் கல்லறையும் கூடவே நகராது. பரப்பு குறையாமலே ஒரு தீவு குடியிருக்க முடியாததாகிவிடலாம்.

மேடு யாருடையது?

பிஜியின் வனுவா லெவுவில் உள்ள வுனிடோங்கோலோவா என்ற கடலோரக் கிராமம் 2014-ல் சுமார் 2 கிலோமீட்டர் உள்ளே, மேட்டுக்கு இடம்பெயர்ந்தது. கடலேற்றத்தால் திட்டமிட்டு நகர்ந்த ஊர்களுக்கு உலகம் முழுவதும் காட்டும் முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்று அது. அது இயன்றதற்கு மலை மட்டும் காரணமல்ல. போன இடமும் அதே குலத்தாரின் பரம்பரை நிலம். பிஜியின் நிலத்தில் 85 விழுக்காட்டுக்கும் மேல் பூர்வகுடிக் குலங்களுக்குச் சொந்தம். அதை விற்க முடியாது, குத்தகைக்கு விடலாம்.

அந்தக் குத்தகையின் மறுமுனையில் இருந்தவர்கள் நம்மவர்கள். 1879 முதல் 1916 வரை 60,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் 'கிர்மிட்' என்னும் ஒப்பந்தக் கூலிகளாகப் பிஜிக்கு ஏற்றப்பட்டார்கள். 1903 முதல் சென்னைத் துறைமுகத்திலிருந்தும் கப்பல்கள் கிளம்பின. தமிழரும் தெலுங்கரும் மலையாளிகளுமாகச் சுமார் 15,000 பேர். அவர்கள் பட்ட பாட்டைப் பாரதி பாடியதால் பிஜி என்ற பெயர் தமிழ்நாட்டுக்குத் தெரிந்தது. 1926-ல் சாது குப்புசாமி நாடியில் தொடங்கிய தென்னிந்திய சன்மார்க்க ஐக்கிய சங்கம் பள்ளிகளும் கோயில்களும் கட்டி இன்றும் இயங்குகிறது. பள்ளிக்கும் கோயிலுக்கும் கால் ஊன்ற இடம் கிடைத்தது. உழவனுக்குக் கிடைத்தது குத்தகைச் சீட்டு. சட்டப்படி 30 ஆண்டு என்று உறுதியான குத்தகைகள் 1997 முதல் முடியத் தொடங்கியபோது, மூன்று தலைமுறையாக உழுத வயலை விட்டுப் பல குடும்பங்கள் சுவா-நௌசோரி வட்டாரத்தின் புறம்போக்குக் குடிசைகளுக்கு நகர்ந்தன. 1987, 2000 ஆட்சிக் கவிழ்ப்புகள் இன்னும் பலரை ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் கனடாவுக்கும் அனுப்பின. ஒரு காலத்தில் மக்கள்தொகையில் பாதியாக இருந்த இந்திய வம்சாவளியினர் இன்று ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு. பசிபிக் தீவு ஒன்றிலிருந்து நடந்த இந்தப் பெரிய வெளியேற்றத்தில் கடல்மட்டத்துக்குப் பங்கே இல்லை.

கிரிபாட்டிக்கும் பிஜியின் இதே மேட்டுக்கும் இரண்டு முறை தொடர்பு ஏற்பட்டது. முதல் வருகை பனாபாவிலிருந்து. 33 தீவுகளில் உயரமான அந்த ஒரே தீவில் 1900-ல் பாஸ்பேட் கண்டுபிடிக்கப்பட்டது; 1979 வரை தோண்டித் தோண்டி ஆஸ்திரேலிய, நியூசிலாந்து வயல்களுக்கு உரமாக்கினார்கள். பனாபா மக்களின் பாஸ்பேட் பங்குத்தொகையிலிருந்தே பிஜியின் ராம்பித் தீவை பிரிட்டிஷ் நிர்வாகம் வாங்கி, 1945 டிசம்பர் 15 அன்று அவர்களை அங்கே இறக்கியது. உயரம் இருந்ததாலேயே காலியாக்கப்பட்ட ஊர் பனாபா.

இரண்டாவது, 2014-ல். அதிபர் அனோட்டே தோங்கின் அரசு வனுவா லெவுவில் நட்டோவாவட்டு என்ற தோட்டத்தைச் சுமார் 20 சதுர கிலோமீட்டர் அளவில் விலைக்கு வாங்கியது. குலநிலம் விற்பனைக்கில்லை, இது ஒரு திருச்சபையிடம் இருந்த தனியுரிமை நிலம் என்பதால் கைமாறியது. உலகப் பத்திரிகைகள் 'நாட்டையே மாற்ற நிலம் வாங்கினார்கள்' என்று எழுதின. ஆனால் அந்தத் தோட்டத்துக்குள் நவியவியா என்றோர் ஊர் ஏற்கெனவே இருந்தது. 19-ஆம் நூற்றாண்டில் சாலமன் தீவுகளிலிருந்து கூலிகளாகக் கொண்டுவரப்பட்டவர்களின் வாரிசுகள் அங்கே குடியிருக்கிறார்கள். ஆளில்லாத மேடு என்று ஒன்று அங்கே இல்லை. 2016-ல் பதவிக்கு வந்த தனெட்டி மாமாவு இடம்பெயர்வுப் பேச்சைப் பின்னுக்குத் தள்ளி, தெற்கு தராவாவின் தெமைக்குப் பகுதியில் மண்கொட்டி மேடு எழுப்புவது போன்ற திட்டங்களின் பக்கம் திரும்பினார். பிஜி நிலம் உணவு விளைவிப்பதற்கென்று பேசப்படுகிறது.

நாட்டைவிட்டு வெளியே போனவர்களுக்கும் கதவு எளிதில் திறக்கவில்லை. நியூசிலாந்தில் தஞ்சம் கேட்ட கிரிபாட்டிக்காரர் இயோவானே தெய்தியோட்டாவின் மனுவை அந்நாட்டு உச்ச நீதிமன்றம் 2015-ல் நிராகரித்தது. 2020-ல் வெளியான ஐ.நா. மனித உரிமைக் குழுவின் முடிவும் அவருக்குச் சாதகமாக இல்லை. உயிர்வாழ இயலாத நிலை உண்டாகும் நாட்டுக்கு ஒருவரைத் திருப்பி அனுப்புவது உரிமை மீறலாகலாம் என்ற கொள்கையை மட்டும் அது ஏற்றுக்கொண்டது.

இரண்டு நாடுகளையும் இப்படி நிறுத்திப் பார்த்தால் வேலைகள் தனித்தனியாகத் தெரிகின்றன. கிரிபாட்டிக்கு முதல் தேவை மழைநீர்த் தொட்டி, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை, நீர்வில்லைமேல் குடியேறாத கட்டுப்பாடு. கடற்சுவர் அதற்குப் பிறகு. பிஜிக்குப் புயலைத் தாங்கும் வீடும், ஆற்றுவெள்ளத்துக்கு வடிகாலும், அவற்றுக்கும் மேலாக, குலத்தாருக்கும் குத்தகைக்காரருக்கும் நடுவே நம்பத்தகுந்த ஓர் ஏற்பாடும் வேண்டும். தீவு நாடுகளுக்கு உதவி என்று ஐரோப்பாவில் நிதி ஒதுக்குகிறவர்கள் கடல் எத்தனை மில்லிமீட்டர் ஏறியது என்று கேட்பது சரிதான். அதே மூச்சில் கிணற்றின் உப்பையும் நிலத்தின் பட்டாவையும் கேட்க வேண்டும்.